அவர் அவர் கையை முறித்தார்

நீதிமன்றத்தைக் குறை சொல்லி எழுதினால் அவமதிப்பு வழக்குப் போடுவார்கள். எனக்கோ ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு. ஆகவே இந்தக் கதையில் நான் நீதிமன்றத்தைப் புகழ மட்டுமே போகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை நெடுக 'அவள்' என்றுதான் எழுதுவேன். பெண்ணை மரியாதையில்லாமல் எழுதுகிறானே என்று யாருக்காவது கோபம் வந்தால், தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள். அதற்குள் உங்களுக்கே வேறு யார் மேலாவது கோபம் வந்திருக்கும்.

அவள் ஒரு தையல்காரி. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவள். அவள் புருஷன் கட்டட மேஸ்திரி. ஒருநாள் சாயங்காலம் சாப்பாடு ஆறிப்போயிருந்தது என்பதற்காக மேஸ்திரி அவள் வலது கையைப் பிடித்து முறுக்கினான். எலும்பு முறிந்தது. அலறினாள் என்பதற்காக வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டான். வீடு அவள் பெயரில் அவள் வாடகைக்குப் பிடித்த வீடு. தையல் மெஷின் உள்ளே இருந்தது. அவள் மாவுக்கட்டுப் போட்ட கையோடு அக்கா வீட்டில் போய் ஒண்டிக்கொண்டாள்.

அவள் நீதிமன்றத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேஸ்திரி அந்த வீட்டுக்குள் வரக் கூடாது. அவள் போய் அவள் மெஷினில் உட்கார வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். ஆனால் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டால் அதற்குப் பெயர் நீதிமன்றமா?

அவளுடைய நல்ல நேரம், அப்போதுதான் அங்கே 'மகளிர் மாண்புத் திட்டம்' தொடங்கியிருந்தார்கள். பெண்களை நீதிமன்றம் மரியாதையாக நடத்துவதில்லை என்று மேலிடத்திலிருந்து கடுமையாக எழுதிவிட்டார்களாம். மறுநாளே வாசலில் ரோஜா நிறத்தில் ஒரு பலகை மாட்டினார்கள். அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவள் போய் நின்றபோது, நீதிபதி அறை வாசலில் சிவப்புப் பட்டை போட்டு நிற்கும் டவாலி அவளைப் பார்த்துக் கை கூப்பினார்.

"மாண்புக்குரிய அம்மையீர், தாங்கள் சற்றே தள்ளி நின்று அருள வேண்டும்."

தையல்காரி திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை.

"உங்களைத்தாம்மா. இத்தனை நாளும் 'ஏய், தள்ளி நில்லு'ன்னுதான் சொல்லிட்டிருந்தேன். இனிமே இப்படித்தான் சொல்லணுமாம். நாக்கு சுளுக்கிக்குது."

"உக்கார எடம் இருக்குங்களா? கை கனக்குது."

"ஏன் இல்ல? மகளிர் ஓய்வறை பிரமாதமா கட்டியிருக்கோமே. சோபாவெல்லாம் வந்து இறங்கிருச்சு. திறப்பு விழாதான் பாக்கி. அதுக்குள்ள யாராச்சும் உக்காந்து அழுக்காக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

கண்ணாடிக் கதவு வழியே அக்காவும் தங்கையும் எட்டிப் பார்த்தார்கள். பாலிதீன் உறை பிரிக்காத சோபா. சுவரில், 'பெண்களே, இங்கே நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை' என்று கொட்டை எழுத்து.

"சரியாத்தான் எழுதியிருக்கான். உள்ள காத்திருக்க வேண்டியதில்ல. வராந்தாவுல நின்னாப் போதும்" என்றாள் அக்கா. அவள் இஸ்திரிக் கடை வைத்திருப்பவள். மனசில் பட்டதைச் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடும் வாய்.

பெண்களுக்கான கழிவறை எங்கே என்று தையல்காரி கேட்டாள். திட்டத்துக்கான சுவரொட்டிகளை அதற்குள் அடுக்கிப் பூட்டியிருப்பதாக டவாலி சொன்னார். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளும்படி உத்தரவாம். அக்கா அதற்கும் ஏதோ சொன்னாள். அதை நான் எழுதினால் நிச்சயம் அவமதிப்பு வழக்குதான்.

உச்சி வெயில் தாண்டி அவளைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு அரசு கொடுத்த இலவச வக்கீல் பயிற்சிக்குப் போயிருந்தார். 'ஏழைப் பெண்களைக் கைவிடாதிருப்பது எப்படி' என்ற பயிற்சி. மேஸ்திரியின் வக்கீல் அந்தப் பயிற்சியை முதல் வகுப்பில் முடித்துச் சான்றிதழ் வாங்கியவர். எழுந்து அவளைப் பார்த்து இடுப்பு வரை வளைந்தார்.

"அம்மையீர் அவர்களே, தங்களை அடிக்க வேண்டிய நிலைக்குக் கணவரை ஆளாக்கும்படி, தாங்கள் அன்று என்ன செய்தருளினீர்கள்?"

"சாப்பாடு ஆறிப்போச்சுங்க."

"ஆக, தாங்கள் ஆற விட்டீர்கள்."

"சீருடை அவசரம்னு தச்சுக்கிட்டிருந்தேங்க."

"கணவர் பசித்திருக்கையில் தாங்கள் தைத்தபடி வீற்றிருந்தீர்கள். மிக்க நன்றி அம்மையீர். தங்கள் கையின் வலி விரைவில் குறையட்டும். இவர் பொய் சொல்கிறார் என்பது என் பணிவான வாதம்."

நீதிபதிக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாரும் கவனிச்சீங்களா? முன்னெல்லாம் இதே எடத்துல, இதே கேள்விய, 'என்ன பண்ணித் தொலைச்ச'ன்னு கேப்பாங்க. நானே கேட்டிருக்கேன். இன்னிக்கு எவ்வளவு பண்பாக் கேட்டாரு! கேள்வி என்னமோ அதேதான். ஆனா மரியாதை ஏறிருச்சு பாருங்க. இதத்தான் நான் மாற்றம்னு சொல்றேன்."

மாற்றத்தை எல்லோரும் மெச்சி முடிப்பதற்குள் நேரமாகிவிட்டதால் வழக்கைத் தள்ளி வைத்தார்கள்.

அடுத்த முறை அவள் வந்தபோது நீதிமன்றமே காலியாக இருந்தது. எல்லோரும் பக்கத்து மண்டபத்தில், 'பெண்களைக் காக்க வைக்கலாமா?' என்ற கருத்தரங்கில் இருந்தார்கள். கூடாது என்று முடிவு செய்ய அவர்களுக்கு நெடுநேரம் பிடித்தது. வராந்தாவில் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று டவாலி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அம்மையீர், சீக்கிரம் வாங்க! மேடை பூரா ஆம்பளைங்களா இருக்காங்க. போட்டோக்காரர் சிரிக்கிறாரு. உடனே ஒரு பொம்பள வேணுமாம்."

கட்டுப் போட்ட கை போட்டோவில் நன்றாக விழும் என்று இவளையே கூட்டிப் போய் மேடையில் உட்கார வைத்துக் கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்தார்கள். "கைய இன்னும் கொஞ்சம் தூக்குங்கம்மா" என்றார் போட்டோக்காரர். தூக்கினாள். உயிர் போகிற வலி. பேசியவர், பெண்கள் பேசத் தயங்குகிறார்கள், நாம்தான் காது கொடுக்க வேண்டும் என்று உருகிக்கொண்டிருந்தார். அவள் அதை நம்பி, "ஐயா, என் கேசு..." என்று ஆரம்பித்தாள். கூட்டத் தலைவர் அவள் பக்கம் சாய்ந்து, கடைசியில் நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று அன்பாகச் சொன்னார். நேரம் மிஞ்சவில்லை.

அவள் மேடையில் இருந்த அதே நேரம், காலி நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்த ஒரு குமாஸ்தா அவள் பெயரை மூன்று தரம் கூப்பிட்டு, ஆளைக் காணோம், வழக்கில் அக்கறை இல்லை என்று எழுதிவைத்தார். அவள் ஓடிப் போய்க் கேட்டாள்.

"மேடையில உக்கார வச்சுட்டாங்கய்யா. போட்டோகூட எடுத்தாங்க."

"மேடையில இருந்ததுக்குப் போட்டோ இருக்கும்மா. கோர்ட்டுல இருந்ததுக்கு எங்க இருக்கு?" என்றார் குமாஸ்தா. நியாயமான கேள்விதான்.

இப்போதுதான் கதையின் நாயகன் வருகிறான். அவன் ஒரு சுற்றறிக்கை.

நீதிமன்றப் பதிவுகளில் ஆண்களை எல்லாம் 'அவர்' என்றும், பெண்களை எல்லாம் 'அவள்' என்றும் எழுதுகிறார்கள் என்று யாரோ கண்டுபிடித்து, ஒரு குழு போட்டார்கள். உண்மைதான். கையை முறித்தவன் 'அவர்', கை முறிந்தவள் 'அவள்' என்றுதான் இவள் புகாரிலும் இருந்தது. முறித்தவனை 'அவன்' என்று எழுதலாமே என்று அந்தக் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆணுக்கு ஒரு எழுத்துகூடக் குறையாமல் பெண்ணை உயர்த்துவதுதான் சீர்திருத்தம் என்று அவர்கள் நினைத்தார்கள். ஆகவே, இனி எல்லாப் பதிவுகளிலும் பெண்ணை 'அவர்' என்றே குறிப்பிட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கூடவே, பெண்ணின் அடையாளத்தைக் காக்க அவர் பெயரை எழுதக் கூடாது. சமத்துவம் கருதி ஆணின் பெயரையும் எழுதக் கூடாது. மனுதாரர், எதிராளி என்ற சொற்கள் குடும்பங்களின் மனசைப் புண்படுத்துவதால் அவையும் கூடாது.

நீதிமன்றத் தட்டச்சர் கடமை தவறாதவர். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அவள், அவளை, அவளுக்கு என்று ஒன்றையும் விடாமல் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு டீ குடிக்கப் போனார். தையல்காரியின் புகாரில் 'அவர் அவள் கையை முறித்தார்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கும் உரிய மரியாதை கிடைத்தது.

அடுத்த விசாரணையில் நீதிபதி அதை உரக்கப் படித்தார்.

"'அவர் அவர் கையை முறித்தார்.'" நிமிர்ந்தார். மறுபடி படித்தார். "ஏம்மா... மன்னிக்கணும், அம்மையீர். உங்க கைய நீங்களே எதுக்கு முறிச்சுக்கிட்டீங்க?"

"ஐயோ, நான் இல்லீங்க. அவருங்க."

"அதத்தாம்மா நானும் கேக்கறேன். அவர்னா நீங்கதானே?"

"அவருன்னா... அவருங்க." அவள் கண்ணால் மேஸ்திரியைக் காட்டினாள். அவன் சலவைச் சட்டையில் சுவரோரம் சாய்ந்து நின்றான்.

மேஸ்திரியின் வக்கீல் எழுந்தார். "ஐயா, பதிவு தெளிவாக இருக்கிறது. அவரவர் கையை அவரவர் முறித்திருக்கிறார்கள். என் கட்சிக்காரர் கையைப் பாருங்கள், ஒரு கீறல் இல்லை. ஆகவே அவர் அவர் கையை முறிக்கவில்லை. அம்மையீர் கையில் கட்டு இருக்கிறது. மேற்கொண்டு நான் சொல்லவும் வேண்டுமா?"

"அடப்பாவிகளா!" என்று பின்னாலிருந்து அக்கா எழுந்தாள். "அவருன்னா அவ புருஷன்யா! பொண்டாட்டி புருஷன வேற எப்படிச் சொல்லுவா?"

"அமைதி, அமைதி. ஒரு பெண்ணை நாங்க 'அவர்'னு மரியாதையா எழுதினா, இன்னொரு பெண்ணுக்கே பொறுக்கல பாருங்க" என்று நீதிபதி வருத்தப்பட்டார். "அம்மையீர், கடைசியாக் கேக்கறேன். கைய முறிச்சது யாரு?"

தையல்காரி திருதிருவென்று விழித்தாள். கல்யாணமான நாள் முதல் அவள் வாயில் அவன் அவருதான். ஏங்க, வாங்க, அவரு வந்துட்டாரு, அவருக்குக் கோவம் வந்துருச்சு. அடி வாங்கிய ராத்திரிகளில்கூட, அழுகைக்கு நடுவில்கூட, அந்த மரியாதை குறைந்ததில்லை. இப்போது அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் தன் கையைத் தானே முறித்துக்கொண்டவளாக நிற்கிறாள் என்று புரிந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அவன்தாங்க" என்றாள். "அவன்தான் முறிச்சான்."

தட்டச்சரின் விரல்கள் நின்றுவிட்டன. டவாலி "சிவ சிவா" என்பது போலக் காதைப் பொத்திக்கொண்டார். மேஸ்திரியின் முகம் சுருங்கியது.

"கேட்டீங்களாய்யா? நாலு பேர் முன்னாடி என்னை அவன்கறா. இனிமே நான் எப்படி வெளிய தலை காட்டுவேன்?" அவன் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தான்.

"யாருப்பா அங்க, அவருக்குத் தண்ணி குடுங்க! பாவம், வேர்த்துக் கொட்டுது. அந்த ஓய்வறையத் திறந்து கொஞ்சம் உக்கார வைங்க" என்று நீதிபதி பதறினார்.

திறப்பு விழா வரை காத்திருக்க முடியாத அவசரம். டவாலி ஓடிப் போய் மகளிர் ஓய்வறையைத் திறந்தார். பாலிதீன் உறையைப் பிரித்து, மேஸ்திரியைச் சோபாவில் உட்கார வைத்து விசிறினார்கள். தையல்காரி கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"அம்மையீர்," என்றார் நீதிபதி, தொண்டையைச் செருமிக்கொண்டு. "கை முறிஞ்சா கட்டுப் போட்டுக்கலாம். ஒரு மனுஷனோட மரியாதைய முறிச்சுட்டீங்களே, அதுக்கு எந்த ஆஸ்பத்திரியில கட்டுப் போடுவாங்க? உங்களுக்கு நாங்க இவ்வளவு மரியாதை குடுக்கறது எதுக்கு? நீங்க அதத் திருப்பிக் குடுப்பீங்கன்னுதானே? சரி, போகட்டும். இது மாண்பு நீதிமன்றம். கேட்டு வந்த பெண்ணை வெறுமனே அனுப்பினா நாளைக்குப் பத்திரிகையில எழுதுவான். வீட்டு விஷயத்துல நீங்க கேட்டதையே உத்தரவாப் போடறேன். இவர் இந்தம்மா வீட்டுக்குள்ள போகக் கூடாது. எழுதிக்கப்பா."

தட்டச்சர் எழுதிக்கொண்டார். பெயர் கூடாது. மனுதாரர் கூடாது. 'அவள்' கூடவே கூடாது. அவர் பல்லைக் கடித்து யோசித்து, விதி எதையும் மீறாமல் ஒரு வரி அடித்தார். நீதிபதி கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார்கள்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். அக்காவும் அவளும் உத்தரவோடு நேரே காவல் நிலையம் போய், ஒரு போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மேஸ்திரி ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் கையிலும் ஒரு நகல் இருந்தது.

போலீஸ்காரர் தொப்பியைச் சரி செய்துகொண்டு படித்தார். "'அவர் அவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. மீறினால் கைது செய்யப்படுவார்.' ஏம்மா, இதுல யாரு யாரு வீட்டுக்குள்ள?"

"அவரு என் வீட்டுக்குள்ளங்க."

"அப்படி இல்லையே. சுற்றறிக்கை எங்களுக்கும் வந்துச்சு. அவர்னா பெண். அப்ப நீங்கதான் உங்க வீட்டுக்குள்ள நுழையக் கூடாது."

"அப்ப அந்தாளு மட்டும் உள்ள இருக்கலாமா?" என்று அக்கா பாய்ந்தாள்.

"அவரும் அவர்தான். அவரும் நுழையக் கூடாது. ஆனா நான் பார்க்க அவரு நுழையலையே, உள்ளேயேதானே இருக்காரு? நுழையக் கூடாதுன்னுதான் உத்தரவு. இருக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

"நல்லாச் சொன்னீங்கய்யா" என்றான் மேஸ்திரி ஜன்னலிலிருந்து. அவன் முதுகுக்குப் பின்னால் அவளுடைய மெஷின் தெரிந்தது. அதன் மேல் அவன் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அவள் அந்தத் துண்டையே பார்த்தாள்.

"டேய்" என்றாள்.

போலீஸ்காரர் திடுக்கிட்டார். "அம்மா, மரியாதையாப் பேசுங்க."

"மரியாதையாப் பேசிப் பேசித்தாங்க தெருவுல நிக்கிறேன். டேய்! வெளிய வாடா!"

தெருவில் நாலைந்து கதவுகள் திறந்தன. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதுதான் மேஸ்திரிக்குத் தாங்கவில்லை. டம்ளரை வீசிவிட்டு, தாழைத் திறந்து, கையை ஓங்கிக்கொண்டு படியிறங்கிப் பாய்ந்தான். போலீஸ்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "என் முன்னாடி வேண்டாங்க, அப்புறம் நான் ரிப்போர்ட் எழுதணும்" என்று கெஞ்சினார். அந்தக் கணத்தில் அக்கா தங்கையின் முதுகில் கை வைத்து வீட்டுக்குள் ஒரே தள்ளாகத் தள்ளினாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இடது கையால் தாழ் போடும் சத்தம் கேட்டது.

"ஏய், திறடி! சார், அவ உள்ள போயிட்டா! பிடிங்க சார்!"

ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "ஐயா, நான் நுழையலீங்க. உள்ளேயே இருக்கேன்."

போலீஸ்காரர் உத்தரவை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மேஸ்திரி கதவை உதைக்கப் போனபோது குறுக்கே நின்றுவிட்டார்.

"நீங்க நுழையக் கூடாதுங்க."

"யோவ், இது என் வீடுய்யா!"

"அதனாலதாங்க நுழையக் கூடாதுங்கறேன். உங்க வீடுன்னு வேற சொல்லிட்டீங்க." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். வெளிய வந்துட்டீங்கன்னா மறுபடி உள்ள விட என்னால முடியாது. அப்புறம் கைதுதான். உத்தரவு உத்தரவுதான்."

அதற்குப் பிறகு அவள் வெளியே வரவில்லை. துணியை அக்கா ஜன்னல் வழியாகக் கொடுக்கிறாள், தைத்ததை ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்கிறாள். கைக் கட்டையும் ஜன்னல் வழியாகவே பிரித்தாகிவிட்டது, முழுசாக மடங்கத்தான் மறுக்கிறது. மேஸ்திரி எதிர் டீக்கடைப் பெஞ்சில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருக்கிறான். அவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரலாம். 'அவர்' என்றால் யார் என்று விளக்கம் கேட்டு அக்கா ஒரு மனு போட்டாள். விசாரணைக்குத் தங்கை நேரில் வந்தாக வேண்டும் என்றார்கள். போனால் திரும்ப நுழைய முடியாது. போகவில்லை. வழக்கில் அக்கறை இல்லை என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

போன வாரம் மகளிர் மாண்புத் திட்டத்தின் ஆண்டு விழா. மேடைக்கு ஒரு பெண் தேவைப்பட்டதால் டவாலி ஜன்னலுக்கு வந்து கை கூப்பினார்.

"மாண்புக்குரிய அம்மையீர், ஐயா தங்களை எழுந்தருளச் சொன்னாரு."

"நான் வெளிய வர முடியாதுங்களே."

"அப்படியா? சரி, ஐயாகிட்ட சொல்லிடறேன்."

சொன்னார். நீதிபதி அதை மேடையிலேயே அறிவித்தார். "இந்தத் திட்டத்துக்கு முன்னாடி பெண்கள் நாள் பூரா நம்ம வராந்தாவுல கால் கடுக்க நின்னாங்க. இன்னிக்கு ஒரு பெண் வீட்டை விட்டு வெளிய வர வேண்டிய அவசியமே இல்லாம நாம பண்ணியிருக்கோம். இதவிடப் பாதுகாப்பு ஒரு பெண்ணுக்கு வேற என்ன இருக்கு?"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். காலியாக இருந்த நாற்காலியில், பூங்கொத்தோடு கையைத் தூக்கிக்கொண்டிருக்கும் அவள் போட்டோவைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.